20 மீற்றர் கோட்டுக்குக் கீழே

சாதாரண தரத்தில் புவியியல் எடுத்த ஆக்களுக்கு அந்த 1:50,000 இடவிளக்கப்படத் துண்டு ஞாபகம் இருக்கும். மண்ணிறக் கோடுகள் நெருங்கி வந்தால் குத்துச்சாய்வு, விலகிப் போனால் மென்சாய்வு, வளைந்து உள்ளே போனால் பள்ளத்தாக்கு என்று பாடமாக்கினோம். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் மலைநாட்டுத் துண்டுகள்தான். ஒருநாள் வகுப்பில் மட்டக்களப்புப் பக்கத்துப் படத்தை விரித்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள், "ரீச்சர், எங்கட ஊருல ஏன் ஒரு கோடும் இல்ல?" ரீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னா, "எங்கட ஊரு தட்டை, புள்ள. கோடு வராது."

ரீச்சர் சொன்னது பிழையில்லை. அந்தப் படத்தில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 20 மீற்றர். கடல்மட்டத்தில் இருந்து 20 மீற்றர் உயர்ந்தால்தான் முதல் கோடு. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமாகப் போகும் இந்த நீண்ட மணல் நிலம் முழுவதும் அந்த முதல் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கைக் கரையில் அலை ஏறிய உயரம் இடத்துக்கு இடம் ஏறக்குறைய 3 மீற்றரில் இருந்து 10 மீற்றருக்கு மேல் வரை என்று பிறகு அளந்தவர்கள் எழுதினார்கள். ஆக, அன்றைக்குச் செத்தவர்கள், தப்பினவர்கள், ஓடின பாதை, ஏறின கூரை, பிடித்த தென்னை எல்லாமே நாட்டின் உத்தியோகபூர்வப் படத்தில் ஒரு கோடும் இல்லாத அந்த வெறுமைக்குள்தான். யார் மேட்டில் இருக்கிறார், யார் பள்ளத்தில் இருக்கிறார் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த வெறுமை எப்படி வந்தது, அதை நிரப்ப யார் என்ன செய்தார்கள், நிரப்பினது எங்கட பிரதேச சபை வரைக்கும் வந்ததா? இதைத்தான் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாட்டில் இன்றும் இயங்குகிற மிகப் பழைய அரச திணைக்களங்களில் ஒன்று. பிரித்தானியருக்குப் படம் எதற்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் வெறுமைக்குக் காரணம் பாதி விளங்கும். 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட முடியாத காணிகளை முடிக்குரியதாக எடுக்க வழிசெய்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டக்காரர் காணிக்கு வரிசையில் நின்றார்கள். அளவையாளருக்கு ஒழிவில்லாத வேலை. விற்கிற காணிக்கு எல்லை வேணும், வீதி போட மலையின் சாய்வு வேணும். கிழக்குக் கரையில் மணலும் உப்புத் தண்ணியும் கண்டலும். அங்கே கால் மீற்றர் உயர வித்தியாசத்தை அளந்து யாருக்கு என்ன லாபம்?

கடல் பக்கம் இன்னொரு படம் இருந்தது. பிரித்தானியக் கடற்படையின் கடல் வரைபடம். கப்பல் தரை தட்டாமல் போக எவ்வளவு ஆழம் என்று அது சொல்லும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அது உயிர்நாடி. ஆனால் கப்பல் கரைக்கு ஏறாது தானே. ஆகவே அந்தப் படம் கரையோடு நின்றுவிடும். அதில் ஆழம் அளப்பது கடல் வற்றி இருக்கும்போதுள்ள மட்டத்தில் இருந்து; தரைப் படத்தில் உயரம் அளப்பது சராசரிக் கடல்மட்டத்தில் இருந்து. இரண்டு படமும் ஒன்றோடொன்று தொடுவதே இல்லை. கடல் வரைபடம் முடியும் இடத்துக்கும் தரைப் படத்தின் முதல் கோடு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற துண்டில்தான் நாங்கள் வீடு கட்டி, கலியாணம் கட்டி, கோயிலும் பள்ளியும் கட்டி இருக்கிறோம்.

எங்கட ஆக்களிடம் படமே இல்லை என்று நினைக்கக் கூடாது. இருந்தது, கடதாசியில் இல்லை. மட்டக்களப்பில் திசையே வாவியை வைத்துத்தான்: சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஊர்ப்பெயர்களை எடுத்துப் பாருங்கள். மடு என்று முடிகிற ஊர், குடா என்று முடிகிற ஊர், தீவு, முனை, ஓடை, மேடு, பள்ளம். மழைத் தண்ணி எங்கே தேங்கும், எங்கே ஓடும், எங்கே ஏறி நிற்கலாம் என்று பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்முனைப் பக்கம் போனால் தோணா என்ற ஒரு சொல் இருக்கிறது. மேற்கே வயலில் இருந்து வடிகிற தண்ணி ஊரை ஊடறுத்துக் கடலுக்குப் போகிற வழி அது. கோடையில் அதன் வாயை மணல் மூடிவிடும், மாரியில் உடைக்க வேணும். சாய்ந்தமருதுத் தோணா குப்பை நிரம்பி நாறுவதைப் பற்றி அந்த ஊர்க்காரர் எத்தனையோ வருடமாகக் கதைக்கிறார்கள். அது குப்பைப் பிரச்சினை மட்டும் இல்லை, வெள்ளப் பிரச்சினை என்று சொல்லித்தான் கதைக்கிறார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கும் இதே கதை, பெரிய அளவில். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி. ஊராக்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் அதன் முகத்துவாரம். படுவான்கரை வயல்களில் பெய்கிற மழை எல்லாம் கடைசியில் அந்த வாயைத் தேடித்தான் வரவேணும். வாய் மூடிக் கிடந்தால் வயல் முங்கும். அதனால் விவசாயிகள் வெட்டச் சொல்வார்கள். நேரத்தோடு வெட்டினால் ஆற்றின் தண்ணி மாறி இறாலும் மீனும் போய்விடும். அதனால் மீனவர் பொறுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மாரிக்கும் கச்சேரியில் இந்தக் கூட்டம் நடக்கும். எந்த மட்டத்துக்குத் தண்ணி வந்தால் யாருடைய வளவு முங்கும் என்று எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு படம் நடுவில் இருந்திருந்தால் அந்த வாதத்தில் பாதி குறைந்திருக்கும். சத்தம் பெரிய பக்கம் வெல்வதும் குறைந்திருக்கும்.

இந்த ஊர்ப்படத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது ஞாபகத்தில் இருந்த தண்ணியை மட்டும்தான் காட்டும். 1957 டிசம்பர் வெள்ளம் அதில் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி மட்டக்களப்பில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வயதைக் கேட்டால் இன்னமும் "சூறாவளிக்கு முந்தியா பிந்தியா" என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். 900 பேருக்கு மேல் செத்தார்கள், இரண்டரை இலட்சம் அளவில் வீடுகள் சேதம், தென்னந்தோப்புகள் தீக்குச்சி கொட்டினது போலக் கிடந்தன. ஆனால் அம்மம்மாமார் சொல்லும் கதையில் வருவது காற்று. கடல் ஏறினதைச் சொல்கிறவர்கள் குறைவு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்துக் கடல் எடுத்ததும், தலைமன்னாரில் இருந்து போகும் கப்பலுக்கு அந்தப் பக்கம் இறங்குதுறையே இல்லாமல் போனதும் மன்னார்க் கதை. அது கிழக்குக்கு வந்து சேரவில்லை. எங்கட கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. தினமும் இப்படி அடங்கிக் கிடக்கிற கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்ட யார் பயப்படுவார்?

சட்டம் கரையைப் பார்த்தது 1981 இல். கரையோரம் பேணல் சட்டம், 57 ஆம் இலக்கம். சராசரி உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். இதுதான் கரையோர வலயம். கடலோடு தொடுக்கிற வாவி, ஆறு என்றால் இன்னும் உள்ளே போகும். அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. அப்போதைய கவலை மண்ணரிப்பு, முருகைக்கல் உடைப்பு, மணல் அள்ளுதல். கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லை தூரத்தால் போடப்பட்டது, உயரத்தால் இல்லை. தூரம் அளக்க ஒரு நாடா போதும். உயரம் அளக்கப் படம் வேணும். அந்தப் படம் இருக்கவில்லை.

2004 க்குப் பிறகும் அதே நாடாதான் எடுக்கப்பட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, போயா. காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முந்திச் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் கிழக்குக் கரைக்கு அலை வந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஒரு ஒழுங்கும் இருக்கவில்லை. நாடு முழுக்க 30,000 இற்கு மேல். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேல். மற்ற எந்த மாவட்டத்தையும் விட அதிகம். நாங்கள் பலர் அப்போது பால்குடி, சிலர் பிறக்கவில்லை. எங்களுக்கு இது சுவரில் மாட்டின படம், மாலை, ஒவ்வொரு வருடமும் கடற்கரையில் விளக்கு.

அடுத்த மாதமே அரசாங்கம் தாங்கு வலயம் அறிவித்தது. மேற்கிலும் தெற்கிலும் கரையில் இருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு திரும்பக் கட்டக் கூடாது. ஏன் தெற்குக்கு 100, எங்களுக்கு 200? கிழக்கில் நிலம் தட்டை என்று சொல்லலாம்தான். ஆனால் தட்டை எவ்வளவு, எங்கே என்று காட்டும் படம் மேசையில் இல்லாமலே கோடு விழுந்தது. மீனவருக்குத் தடை, ஹோட்டலுக்கு விலக்கு என்ற கதையும் அப்போதே கிளம்பிவிட்டது.

200 மீற்றர் என்ற கோட்டை நாவலடியில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் சில நூறு மீற்றர் அகலமான மணல் நாக்கு. கோடு போட்டால் ஊரில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுகிற பகுதிக்கும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் பின்னால் ஓட இடம் இல்லை, தண்ணிதான். இதே கோட்டைக் கல்முனைக் கரையில் வைத்தால் அலை அதைத் தாண்டி எவ்வளவோ உள்ளே போயிருக்கிறது. அதாவது ஒரு ஊரில் கோடு ஊரையே விழுங்குகிறது. இன்னொரு ஊரில் ஆபத்தில் இருந்தவரைக் கோட்டுக்கு வெளியே விட்டுப் "பயமில்லை" என்கிறது.

தெற்கில் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. ஹிக்கடுவையில் முருகைக்கல் பார் பாதுகாக்கப்பட்டு இருந்தது. அங்கே அலை இரண்டு மூன்று மீற்றர், ஐம்பது மீற்றர் அளவில்தான் உள்ளே வந்தது. அதற்கு வடக்கே சில கிலோமீற்றரில் பெரலிய, தெல்வத்தைப் பக்கம் பார் உடைக்கப்பட்டுப் போயிருந்தது. அங்கே அலை 10 மீற்றர் அளவு, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே. ரயிலை எடுத்தது அந்த இடம். 2005 இல் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். கடலுக்கு இரண்டும் ஒரே தூரம். கடலடியில் என்ன இருக்கிறது, கரையில் மணல்மேடு நிற்கிறதா வழித்தெடுத்தாச்சா என்பதில்தான் உயிர் இருந்தது.

தாங்கு வலயம் ஒரு வருடத்தில் தளர்ந்தது. 2005 கடைசியிலும் 2006 இலுமாகக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் 1997 ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்த பின்வாங்கல் தூரங்களுக்கே போனார்கள். இடத்துக்கு இடம் வேறு வேறு தூரம். கல்முனைப் பக்கத்தில் அது 65 மீற்றர் என்று வந்து நின்றது. அந்த எண் எவ்வளவு ஊறிப்போனது என்றால், மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கே 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று பெயர். எங்கட பெரியாக்கள் ஊருக்கு மடு, மேடு என்று பெயர் வைத்தார்கள். எங்கட காலத்தில் ஒரு தூரத்தையே பெயராக வைத்துவிட்டோம்.

ஆனால் கோடு தளர்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் ஏற்கெனவே நகர்த்தப்பட்டாச்சு. நாவலடி ஆக்களுக்குத் திராய்மடுவில் வீடு. பெயரின் வாலைப் பாருங்கள்: மடு. மழை பலத்தால் அங்கே தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணி நிற்பது மட்டக்களப்பில் யாருக்கும் புதுச்செய்தி இல்லை. கடலில் இருந்து காப்பாற்றி மழைக்குள் விட்டோம். வலையும் தோணியும் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டின 500 வீடுகள் யாருக்கு என்ற வழக்கில் சிக்கிப் பாழடைந்த கதை தனியே எழுத வேண்டியது. எந்தக் காணி மேடு என்பதற்கு முந்தி எந்தக் காணி எந்த இனத்துக்கு என்ற கேள்விதான் இங்கே வரும்.

இனி, வெள்ள வரைபடம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேணும், ஏனென்றால் பிழை எங்கே நுழையும் என்று அதில்தான் தெரியும். கடலடி ஆழம் ஒன்று, கரை நிலத்தின் உயரம் இன்னொன்று. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து தைக்க வேணும். மேலே சொன்ன அந்தத் தொடாத இரண்டு படத்தையும். பிறகு நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, தூரத்தில் இருந்து வரும் அலையையோ, சூறாவளி தள்ளும் கடலையோ, மேற்கில் இருந்து வரும் மழைத் தண்ணியையோ ஒவ்வொரு கட்டமாகக் கணினியில் நகர்த்திப் பார்க்க வேணும். வந்த விடை சரியா என்று பார்க்க ஊருக்குப் போய்ச் சுவரில் உள்ள தண்ணி அடையாளத்தை அளக்க வேணும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜானக விஜேதுங்க போன்றவர்கள் சுனாமிக்குப் பிறகு கரை கரையாகப் போய் அலை உயரத்தையும் உள்ளே வந்த தூரத்தையும் அளந்து 2006 இல் வெளியிட்டார்கள். மொறட்டுவையிலும் இதே வேலை நடந்தது. சில கரையோரங்களுக்கு விமானத்தில் இருந்து லேசர் ஒளி விட்டு நில உயரம் அளந்த தரவு கிடைத்தது. அது கிடைத்த இடத்தில் படம் நம்பகமாக வந்தது.

கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இலவசமாகக் கிடைக்கும் விண்வெளித் தரவைத்தான் எடுப்பார்கள். 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று ராடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தது. ஆண்டாண்டாக எல்லாரும் பாவிப்பது அதைத்தான். அதற்கு ஒரு குணம், மேலே படுகிறதைத்தான் நிலம் என்று எடுக்கும். மரம் இருந்தால் மரத்தின் தலைக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு உயரம், வீடு இருந்தால் கூரை. எங்கட கரை முழுக்கத் தென்னையும் நெருக்கமான வீடும். தென்னந்தோப்பு மேடாகத் தெரியும்! 2019 இல் இந்தப் பிழையைத் திருத்திப் பார்த்த ஒரு ஆய்வு, உலகத்தில் இப்போதே வற்றுப்பெருக்கின் உயர்மட்டத்துக்குக் கீழே வாழ்கிறவர்கள் 2.8 கோடி என்று பழைய தரவு சொன்னதை 11 கோடி என்று மாற்றியது. நாலு மடங்கு. இந்த நூற்றாண்டின் கடைசிக்குள் கடல் ஏறப்போவது, வாயு வெளியேற்றம் மிக மோசமாகப் போனாலும் ஏறக்குறைய ஒரு மீற்றர் என்று 2021 ஆம் ஆண்டுச் சர்வதேச அறிக்கை சொல்கிறது. ஒரு மீற்றரைத் தேடப்போகும்போது சில மீற்றர் பிழையுள்ள அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறோம்.

2005 மே மாதம் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, 13 ஆம் இலக்கம். நிலையம் வந்தது, மாவட்டக் காரியாலயங்கள் வந்தன, கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. 2012 இல் நாட்டுக்கான ஆபத்து விபரத்தொகுப்பு ஒன்று வெளியானது; வெள்ளம், மண்சரிவு, வரட்சி என்பவற்றோடு சுனாமி, புயல் அலை, கடல்மட்ட உயர்வு, கரையரிப்பு எல்லாவற்றுக்கும் அதில் படம் உண்டு. வெறுமை நிரம்பத் தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேணும். இது பெரிய வேலை, பல பேருடைய உழைப்பு.

அந்தப் படத்தைப் பற்றிக் கேட்க ஒரு பிரதேச சபைக்குப் போனோம். (எந்தச் சபை என்பது வேண்டாம், அங்கே எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள்.) வீடு கட்ட அனுமதி கொடுப்பது, வடிகான் வெட்டுவது, மதகு போடுவது எல்லாம் அந்தக் கட்டிடத்தில்தான். வெள்ளப் படம் இருக்கிறதா என்று கேட்டதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு அலுமாரியைத் திறந்து தேடினார். கிடைக்கவில்லை. "அது மாவட்ட செயலகத்துல இருக்கும் தம்பி" என்றார். இருக்கும்தான். படம் ஒரு கந்தோரில், கையெழுத்து இன்னொரு கந்தோரில். "மாவட்டப் படத்துல எங்கட வட்டாரம் ஒரு புள்ளி. ஒருத்தர் பிளான் கொண்டு வந்தா அந்தப் புள்ளிக்குள்ள அவர்ட வளவை எப்பிடிக் காட்டுறது?" என்றும் அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாவட்டத்தைக் காட்டும் படம் கொழும்பில் நிதி ஒதுக்க உதவும். ஒரு வளவுக்கு ஆம், இல்லை சொல்ல அது உதவாது.

அதற்காக ஒவ்வொரு சபையும் தனக்கெனப் படம் கீறினாலும் சரிவராது. மட்டக்களப்பு மாநகரம், காத்தான்குடி நகர சபை, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எல்லாம் ஒரே வாவிக்கும் ஒரே கடலுக்கும் நடுவில். மாரியில் வாவி நிறைந்திருக்கும்போது கடலும் காற்றால் ஏறி முகத்துவாரத்தில் நின்றால், ஆற்றுத் தண்ணிக்குப் போக இடமில்லை. பின்வாங்கி எல்லாச் சபைக்குள்ளும் ஏறும். 2011 ஜனவரி, பெப்ரவரி இரண்டு தடவையும் வெள்ளம் எந்த வட்டார எல்லையைப் பார்த்து நின்றது? ஒரு சபை வீதியை உயர்த்தினால் பக்கத்துச் சபையின் வளவு குளமாகும். ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013 இல் திறந்த பிறகு வடக்குப் பக்கத்தில் கரை அரித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரியும். அங்கே 65 மீற்றர் என்று அளக்கத் தொடங்கும் புள்ளியே நகர்ந்துகொண்டிருக்கிறது.

எங்களிடம் எல்லை என்றால் வேறு கதை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் எத்தனை வருடப் பிரச்சினை! சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. இந்தக் கோரிக்கைகளில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை. ஆனால் தோணாவின் தலை ஒருவரிடமும் வாய் இன்னொருவரிடமும் போனால் யார் தோண்டுவது என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

2024 நவம்பர் 26. அடைமழை. காரைதீவில் இருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த இடத்தில், மதரசாவில் இருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் புரண்டது. பிள்ளைகள் செத்தார்கள். அந்த வீதியில் மாரிக்குத் தண்ணி பாய்வது அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தாழ்ந்த வயல். மேற்கே இருந்து வரும் தண்ணி அங்கேதான் குறுக்கறுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேணும்: எங்கட பக்கத்து உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான். அந்த மாரியில் எங்கட பக்கத்து எந்தப் பிரதேச சபையிலும் மக்கள் தெரிவுசெய்த ஒரு உறுப்பினர் இருக்கவில்லை.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஞாபகம் உண்டு. 2012 ஏப்ரல் 11 பின்னேரம். சுமாத்திராவில் 8.6 அதிர்வு, சுனாமி எச்சரிக்கை. இந்த முறை சொன்னார்கள், அது பெரிய மாற்றம். எல்லாரும் கிளம்பினோம். கல்லடியில் இருந்த எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பாலம், அந்தப் பழைய பாலம். புதுப்பாலம் அடுத்த வருடம்தான் திறந்தது. மோட்டார்சைக்கிள், ஓட்டோ, நடை, அழுகை எல்லாம் பாலத்தடியில் இறுகி நின்றது. அலை வரவில்லை. வந்திருந்தால் நாங்கள் பலர் நின்றது வாவியின் விளிம்பில், இருக்கிற இடத்தில் ஆகத் தாழ்ந்த இடத்தில். கிட்டடியில் எந்த மேடு, எந்த மாடிக்கட்டிடம் என்று தெரிந்திருந்தால் பாதிப்பேர் பாலத்துக்கே வந்திருக்கத் தேவையில்லை.

இந்த வருடம் ஒரு சின்ன வேலை தொடங்கினோம். மேசன்மார் மட்டம் பார்க்கிற அந்த நீளமான தண்ணிக் குழாய் தெரியும் தானே, இரண்டு நுனியிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். அதையும் ஒரு அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறோம். 2004 இல் தண்ணி எதுவரை, 2011 இல் எதுவரை என்று வீட்டுக்காரரைக் கேட்டு, சுவரில் காட்டச்சொல்லி, ஒரு வீட்டு மட்டத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். நிபுணர் வேலை இல்லை, பிழை வரும். ஆனாலும் முதல் மாதத்திலேயே ஒன்று கண்டோம். நாங்கள் அளந்த ஒழுங்கைகளில் கடலுக்குக் கிட்ட உள்ள வளவுகள்தான் உயரம், மணல்மேடு அங்கேதான். உள்ளே போகப் போக நிலம் இறங்கி, வாவிப் பக்கம் போகும்போது ஆகத் தாழ்வு. கடலில் இருந்து தூரமாகப் போகச்சொல்லி ஒரு கோடு ஆக்களைத் தள்ளினால், மேட்டில் இருந்து பள்ளத்துக்குத்தான் தள்ளும்.

எல்லாரும் கதவைத் திறக்கவில்லை. ஒரு அண்ணன், காணி விற்பனைக்குப் போட்டிருக்கிறார், சுவரில் கோடு கண்டால் விலை இறங்கும் என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நாங்கள் கேட்கிற படம் வந்தால் வங்கிக் கடனுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். கடற்கரையை ஹோட்டலுக்கு எடுக்க நினைக்கிறவனுக்கும் அது ஒரு சாட்டு ஆகலாம். 2005 இல் அதைப் பார்த்தாச்சு. படத்தோடு சேர்ந்து மேடு நிரப்ப, மதகு அகலிக்க, மாடி கட்டக் காசும் வந்தால்தான் ஒரு ஏழையால் அந்தப் படத்தைத் தாங்க முடியும்.

போன கிழமை கடைசி வீட்டில் ஒரு மாமி. 2004 இல் அதே வளவில் இருந்து இரண்டு பேரைக் குடுத்தவ. இப்போது அந்த வளவில் நிற்பது மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு. ஒழுங்கையைப் பார்க்கிற சுவரில் கோடு போடலாமா என்று கேட்டோம். கனநேரம் யோசித்தா.

"மாப்பிள்ளை ஊட்டாக்கள் வந்து போற இடம் மனே. கோடு போடத்தான் வேணும். குசினிக்குள்ள போடுங்க."

உள்ளே கூட்டிப்போய், தட்டுச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் கையை வைத்துக் காட்டினா. மாமியின் தலைக்கு மேலே ஒரு சாண்.